திறந்து பார்த்த கனெக்டர்

இட்லிப் பானையை மூடிவிட்டுத் தன் பாட்டுக்கு இருப்பவர்கள் ஒரு ரகம். வெந்துவிட்டதா என்று நிமிசத்துக்கு ஒரு தரம் மூடியைத் தூக்குகிறவர்கள் இன்னொரு ரகம். நான் ரெண்டாவது. (விதைத்த கொத்தமல்லியைத் தோண்டிப் பார்த்துக் கெடுத்தவன். அது தனிக்கதை.)

தொண்ணூறுகளில் சூலூரில் மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் ஊர் பொள்ளாச்சிப் பக்கம். அங்கே கோயில் குளத்தில் வருசா வருசம் தெப்பம் விடுவார்கள். காலி டிரம்களைக் கட்டி, மேலே பலகை அடித்து, சாமியை ஏற்றி, கரையிலிருந்து கயிறு பிடித்து மூன்று சுற்று இழுப்பார்கள். வெளிச்சத்துக்குப் பெட்ரோமாக்ஸ்.

என் வாய் சும்மா இருந்ததா? "டிராக்டர் பேட்டரி வெச்சு சீரியல் செட்டே போட்டுப்போடலாமுங்க மாமா" என்றேன். மாமனார் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மச்சினன் மட்டும் முகம் சுளித்தான். "நடுக்குளத்துல சாமி இருட்டுல நின்னா ஊருக்கு ஆகாதுங்க மச்சான். அப்பறம் எங்கப்பன் வெளிய தல காட்ட முடியாதுங்க."

அந்தப் பேச்சு செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது. பல்பு ஒயரும் பேட்டரி ஒயரும் சேருகிற இடம் தெப்பத்தின் ஓரம். தண்ணீர் தெறிக்கும். நல்ல கனெக்டராக வேண்டும் என்று கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

எலக்ட்ரிக் கடை பாய் முதலில் ஒரு சாதா பிளாஸ்டிக் சாமானைக் காட்டினார்.

"உள்ள தண்ணி பூருமாங்க?"

"பூராம இருக்குமாங்க? டேப் சுத்தோணும்."

அடுத்தது ரப்பர் வாஷரும் திருகு மூடியும் வைத்தது. பல்பையும் பேட்டரியையும் மாட்டி, கனெக்டரை டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டினார். பல்பு ஜம்மென்று எரிந்தது. நான் அதை எடுத்துத் துடைத்து, மூடியைத் திருகி உள்ளே ஈரமா என்று பார்த்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

"ஏனுங்க, மூடுனா மூடுனதுதானுங்க. தொறந்து தொறந்து பாத்தா இந்த ஒலகத்துல வாட்டர்புரூஃப்னு ஒண்ணுமே இல்லீங்க" என்றார் பாய்.

ஊருக்குப் போகிற பஸ்ஸிலும் கை நிற்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மணி கேட்டார்: "அது என்ன வெங்காயமுங்களா, உரிச்சுட்டே வாரீங்க?"

தெப்பத்தன்று பொழுது சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டேன். குளமே ஜொலித்தது. கரையில் மாமனார் மீசையை நீவினார். பேட்டரிக்குக் காவலாக நான் சாமிக்குப் பின்னால் குத்தவைத்திருந்தேன். முதல் சுற்றில் பாதி தாண்டியபோது டிரம் ஆடி, கனெக்டர் மேல் தண்ணீர் தெறித்தது.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் உள்ளே போயிருக்குமோ? கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. மூடியைத் திருகித் திறந்துவிட்டேன்.

கனெக்டர் ரெண்டு துண்டாகப் பிரிந்தது. குளம் இருண்டது. மூடியும் வாஷரும் விரலில் வழுக்கி 'ப்ளக்' என்று தண்ணீருக்குள் போயின. (உள்ளே தடவிப் பார்த்தேன். சொட்டு ஈரமில்லை.)

கரையில் மேளம் நின்றது. "பெட்ரோமாக்ஸ எடுங்கடா!" என்று மச்சினன் கத்தினான். பதறிப்போய் ரெண்டு துண்டையும் சேர்த்து அழுத்தினேன். வெளிச்சம் வந்தது. விட்டால் இருட்டு. பன்னிரண்டு வோல்ட்தான், ஷாக் அடிக்காது; அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஆனால் குளத்துக் கொசுவுக்கு யார் சொல்வது? முதுகைச் சொறிந்தேன், இருட்டு. காதைத் தட்டினேன், இருட்டு.

"அட, சாமி கண்ணடிக்குது பாருங்க!" என்று கரையில் ஒரே விசில்.

மூன்று சுற்றும் முடிந்து தெப்பம் கரை சேர்ந்தது. கூப்பிய கையோடு குனிந்திருந்த என்னைப் பார்த்துப் பூசாரி உருகிப்போய் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். மாமனார் ஓடி வந்தார்: "மாப்ளே, அந்த மின்னுற செட்டு அடுத்த வருசமும் வேணுமுங்கறாங்க!"

மச்சினன் என் கையை எட்டிப் பார்த்தான். "அதுக்கென்னுங்கப்பா, மச்சானையும் சேத்துக் கட்டி உட்டர்லாமுங்க" என்றான்.

இன்றைக்கும் வீட்டில் கரண்ட் போனால், சமையலறையிலிருந்து சம்சாரத்தின் குரல்தான் முதலில் வரும்: "ஏனுங்க, கைய எடுத்துப்போட்டீங்களா?"

நானும் இருட்டில் ரெண்டு கையையும் சேர்த்து அழுத்திப் பார்ப்பேன். சில நாள் கரண்ட் வந்தும் விடுகிறது.