பிளாஸ்டிக்குக்கு மாறிய வெர்லின்

ஐம்பத்தெட்டாவது வயதில் வெர்லின் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தான். இனி தன் வாழ்க்கையில் உணர்ச்சிக்கு இடமில்லை, அறிவுக்கு மட்டும்தான். அமெரிக்காவின் வயோமிங்கில் இப்படி முடிவெடுப்பவர்கள் வழக்கமாகப் பழைய டிரக்கைத்தான் தள்ளிவிடுவார்கள். வெர்லினோ முப்பது வருஷம் வைத்திருந்த எஃகு ரிவால்வரை கஸ் என்பவனின் துப்பாக்கிக் கடையில் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உடம்புள்ள புது பிஸ்டலோடு வீட்டுக்கு வந்தான்.

காலைச் சாப்பாட்டின்போது மனைவி மார்னிக்கு விளக்கினான். பாதி எடை. துரு ஏறாது. ஆறு தோட்டா போட்ட இடத்தில் பதினேழு. மார்னி முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"முப்பது வருஷமா கூட இருக்கிறதை எல்லாம் இப்படித்தான் எடை போடுவியா? நானும் அதே முப்பது வருஷம்தான்."

மனுஷங்க வேற என்று சொல்லிவிட்டு வெர்லின் அவசரமாகக் காபியைக் குடித்தான்.

சனிக்கிழமை சுட்டுப் பார்த்தான். குண்டுகள் போக வேண்டிய இடத்துக்கே போயின. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனாலும் எதுவோ இல்லை. எது என்று கண்டுபிடிக்காமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கையில் பிஸ்டலும் இன்னொரு கையில் டிவி ரிமோட்டுமாகக் கண்ணை மூடிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தபோது மார்னி உள்ளே வந்தாள்.

"என்ன தெரியுது?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழையதில் அப்படி என்ன இருந்தது என்று நிஜமான ஆர்வத்தோடு கேட்டாள். வெர்லின் முதலில் மழுப்பினான். பிறகு கொட்டிவிட்டான்.

"எடுத்தவுடனே ஜில்லுன்னு இருக்கும். ஒரு நிமிஷத்துல நம்ம கைச்சூட்டுக்கு வந்துடும். கட்டைவிரல் படுற இடத்துல கறுப்பு தேஞ்சு வெள்ளையா இருக்கும், அது என் விரல் தேச்சது. இது எப்பவும் ஒரே சூடு. கீழ வச்சதும் என்னை மறந்துடுது."

"ஒரு நிமிஷமா? அவ்வளவு நேரம் ஆகாதே" என்றாள் மார்னி. வெர்லின் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் வெட்கத்தை விட்டு கஸ் கடைக்குப் போனான். ரிவால்வர் கொடுத்த அன்றைக்கே விற்றுப்போய்விட்டதாம். யாருக்கு என்று கேட்டதற்கு, கஸ் வெர்லினையே பரிதாபமாகப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்தால், மார்னி சமையலறை மேஜையில் பழைய துண்டை விரித்து அந்த ரிவால்வரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தனக்காக ஓடிப்போய் மீட்டு வந்திருக்கிறாளே என்று வெர்லின் உருகி, இரண்டு கையையும் நீட்டினான்.

மார்னி ரிவால்வரைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

"முப்பது வருஷமா அதுல என்னதான் இருக்குன்னு பாக்கலாமேன்னு வாங்கினேன். நீ சொன்னது அத்தனையும் நெசம் வெர்லின். கையை விட்டு இறக்கவே மனசு வரலை."

"அப்போ எனக்கு?"

"கஸ் ஒரு அரசாங்க ஃபாரம் கொடுத்தான். துப்பாக்கி வாங்குறவங்க தங்களுக்காகத்தான் வாங்குறாங்களான்னு அதுல கேட்டிருந்தது. ஆமான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். அரசாங்கத்துக்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"