வனஸ்பதியில் பிடித்த மல்லிகை

வேலை கிடைக்காத கெமிஸ்ட்ரி பட்டதாரியை வீட்டில் வைத்திருப்பதைவிடக் குரங்கு வளர்ப்பது மேல். குரங்கு பாத்திரத்தை உருட்டியதோடு நிறுத்திக்கொள்ளும். எதற்காக உருட்டினேன் என்று விளக்கம் சொல்லி உயிரை வாங்காது. எண்பதுகளின் கடைசியில், ராஜகீழ்ப்பாக்கத்தில், எங்கள் வீட்டில் குரங்கு இல்லை. நான் இருந்தேன்.

பல்லாவரத்தில் ஒரு சின்ன சோப்புக் கம்பெனிக்குக் கெமிஸ்ட் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி என் ஃபைலைத் திறக்கவே இல்லை.

"அத்த நீயே வெச்சுக்க தம்பி. பாஸ் பண்ணவங்க தெனம் வந்துகினுதான் கீறாங்க. சென்ட்ட வெளிய வாங்கி மாளல எனக்கு. மல்லிப்பூ வாசனைய நீயே புடிச்சுக்கினு வா. வேலை உனக்கு."

"அவ்வளவுதானே சார்?" என்றேன். (அந்த 'அவ்வளவுதானே'வை நினைத்தால் இப்போதும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.)

முதலில் அம்மாவின் பிரஷர் குக்கரில் கை வைத்தேன். பூவை உள்ளே கொட்டி, வெயிட்டுக்குப் பதிலாக ரப்பர் குழாயை மாட்டி, வரும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தேன். யூகலிப்டஸ் இலையும் எலுமிச்சம்புல்லும் இந்த வைத்தியத்துக்கு அடங்கி, எண்ணெயைக் கக்கிவிடும். மல்லிகை கக்கவில்லை. சூடு பட்டதும் அதன் வாசனை குலைந்துபோய், வெந்த முருங்கைக்கீரை நாற்றம்தான் வந்தது. மறுநாள் அந்தக் குக்கரில் வைத்த பருப்பை அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நேராக மோருக்குப் போய்விட்டார்.

பிறகுதான் லைப்ரரிப் புத்தகம் ஒன்றில் விஷயம் பிடிபட்டது. மல்லிகை, பறித்த பிறகும் விடிய விடிய வாசனையைத் தயாரித்துக்கொண்டே இருக்கிற பூ. அதை வேகவைக்கக் கூடாது. கொழுப்பின் மேல் பரப்பி வைக்க வேண்டும். பென்சைல் அசிட்டேட், லினலூல் என்று பூ விடுகிற வாசனைச் சரக்கு ஒவ்வொன்றையும் கொழுப்பு கமுக்கமாக உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ. கொழுப்பே பூவாக மணக்கும்வரை இதே வேலை.

எங்கள் வீட்டில் கொழுப்பு என்றால் வனஸ்பதிதான். (என்னிடம் இருந்த கொழுப்பு தனி.) சாப்பாட்டுத் தட்டுகளில் வனஸ்பதியைத் தடவி, மொட்டுகளைப் பரப்பி, என் கட்டிலுக்கடியில் அடுக்கினேன். தினமும் சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பூ வாங்கினேன்.

"இன்னா தம்பி, தெனம் உதிரியாவே வாங்கிகினு போற? வூட்டுக்காரம்மாவுக்குக் கட்டின பூ வாணாமா?" என்றாள் பூக்காரி.

"எனக்குக் கல்யாணம் ஆகலைங்க" என்றேன்.

இதைவிட மோசமான பதில் தமிழில் கிடையாது. கல்யாணமாகாத பையன் தினமும் மல்லிகைப்பூவோடு எங்கேயோ போகிறான் என்ற செய்தி எனக்கு முன்னால் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா என்னிடம் நேராகக் கேட்கவில்லை. பேப்பரை விலக்காமல் அம்மாவிடம், "அந்தப் பொண்ணு யாருன்னு கேட்டியா?" என்றார். நான் வெறுத்துப்போய், தட்டுகளை வெளியே இழுத்துக் காட்டினேன். அம்மா வனஸ்பதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொண்ணா இருந்திருந்தாக்கூடத் தேவலையேடா" என்றார்.

ஆனால் வாசனை ஏறிவிட்டது. எல்லாவற்றையும் வழித்து ஒரு காலி வனஸ்பதி டின்னில் போட்டு, சமையலறையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், குளிர்ச்சியாக வைத்தேன். லேபிள் ஒட்டவில்லை. லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதே என்றுதான் மூன்று வருஷம் கல்லூரியில் கத்தினார்கள். எனக்கு எதற்கு லேபிள், மூக்கு இருக்கிறதே!

இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போது டின்னைத் திறந்து முகர்ந்தேன். மல்லிகை கும்மென்று இருந்தது. அம்மா டிபன் பாக்ஸில் சப்பாத்தி வைத்துக் கொடுத்தார். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். முன் சீட்டில் இருந்த ஒரு பெண்மணி திரும்பி, "யாருப்பா பூக்கூடையோட ஏறுனது?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாம்பரத்தில் ரயிலுக்கு மாறினால் அங்கே ஒருவர், "எங்க தம்பி கல்யாணம்?" என்றார். வேலை கிடைத்த மாதிரிதான் என்று பல்லாவரத்தில் இறங்கினேன்.

முதலாளி முன்னால் டின்னை வைத்துவிட்டு, திறந்து காட்டியிருக்கலாம். செய்தேனா? பிரசங்கம் ஆரம்பித்தேன்.

"இதுல இண்டோல்னு ஒண்ணு இருக்கு சார். தனியா எடுத்தா கக்கூஸ் நாத்தம் அடிக்கும். ஆனா அது துளியூண்டு சேர்ந்தாத்தான் மல்லிகை..."

"டின்ன தொற தம்பி."

திறந்தேன். மோந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"இது வனஸ்பதி."

"மல்லிகை வாசனை வரலையா சார்?"

"ரூமு பூரா வருது. டின்னுலதான் வரல."

பையைப் பிடித்து இழுத்து டிபன் பாக்ஸைத் திறந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எடுத்து வந்தது அம்மாவின் சமையல் வனஸ்பதி டின். என் டின்னிலிருந்துதான் அம்மா சப்பாத்திக்குத் தடவியிருக்கிறார். நாள்கணக்கில் ஒரே வாசனையில் கிடந்தால் மூக்கு வேலையை ராஜினாமா செய்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு மூக்குகூடப் பாக்கியில்லை. காலையில் நான் முகர்ந்தது டின்னை அல்ல, என் ஆசையை.

முதலாளி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். கோயில் பிரசாதத்தில் சோப்பு விழுந்தது போன்ற முகத்தோடு விழுங்கினார்.

"வாசனை ஏ ஒன். நான் தேடிகினு இருந்தது இதான்."

"அப்போ வேலை சார்?"

"சோறு எது, சரக்கு எதுன்னு தெரியாத ஆளு நீ. என் கம்பெனில காஸ்டிக் சோடா கீது தம்பி. உன்ன உள்ள வுட்டா நான்தான் ஜெயிலுக்குப் போவணும். கெளம்பு."

டிபன் பாக்ஸைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். சப்பாத்தியைக் கொடுக்கவில்லை, சாம்பிளாம்! ஸ்டேஷன் பெஞ்சில் பசியோடு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "சப்பாத்தி மெத்துன்னு இருந்துச்சாமா?"

அதற்குப் பிறகு கெமிஸ்ட்ரி பக்கமே போகவில்லை. கணக்கெழுதிப் பிழைத்து ரிட்டையரும் ஆகிவிட்டேன். ஆனால் கல்யாணமான வாரமே அம்மா இந்தக் கதையை என் மனைவிக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் தாம்பரம் மார்க்கெட்டில் பூ வாங்கும்போது, நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே அவள் சொல்வாள்: "கட்டினது ரெண்டு முழம் எனக்கு. உதிரி கொஞ்சம் போடுங்க, இவருக்கு ராத்திரி சப்பாத்திக்கு."

பூக்காரம்மா சிரிப்பதில்லை. முதல்முறை என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "சுகருக்காம்மா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் இவள், கூசாமல்.

போன வாரம் நான் தனியாகப் போயிருந்தேன். பூக்காரம்மா என்னைக் கை காட்டி இன்னொரு பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சப்பாத்தில வெச்சு துன்னு பாரு சார். தோ, இந்த சாருக்கு சுகரு நல்லா கொறஞ்சுகீது."