திருவண்ணாமலைக்கு வந்த வாட்டர் ஸ்கூட்டர்

எனக்கு நீச்சல் தெரியாது. இதை இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டதால்தான் இந்தக் கட்டுரையே எழுத வேண்டியதாயிற்று.

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பௌர்ணமிக் கூட்டத்தில் செருப்பைத் தொலைக்காமல் வீடு திரும்பத் தெரியும். தண்ணீர் லாரி எந்தத் தெருமுனையில் திரும்புகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லத் தெரியும். நீச்சல் எதற்கு? இப்படிப்பட்ட நான்தான் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் ஒரு பழைய வாட்டர் ஸ்கூட்டருக்குச் சொந்தக்காரன் ஆனேன். (கடற்கரையில் பைக் மாதிரி உட்கார்ந்துகொண்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவார்களே, அதேதான். கடல் எங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.)

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு இன்வெர்ட்டர், பேட்டரிக் கடை. மகாபலிபுரம் பக்கம் மூடப்போகிற ஒரு விடுதியில் பழைய பேட்டரிகளை எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார்கள். சமையல்கட்டுக்குப் பின்னால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு அது கிடந்தது. ஓடுமா என்று சும்மாதான் கேட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது, பேட்டரிதான் வீக்கு என்றார் மேனேஜர். பேட்டரிக் கடைக்காரனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. அப்போதே அதை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

ஊருக்குள் நுழைந்தபோது பௌர்ணமி. போலீஸ் திருப்பிவிட்ட வழியில் அடி அண்ணாமலைப் பக்கமாக ஊர்ந்து வந்தோம். மஞ்சள் தார்ப்பாய், கயிறு, முன்னால் தூக்கிக்கொண்டிருந்த மூக்கு எல்லாவற்றையும் பார்த்து, ஏதோ கோயில் வாகனம் போகிறது என்று நினைத்துவிட்டார்கள் கிரிவலம் வந்த ஜனங்கள். சிலர் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். ஒரு அம்மா தலையிலிருந்த பூவை எடுத்துத் தார்ப்பாயில் செருகிவிட்டுப் போனார். லோடு வண்டியை ஓட்டிவந்த பாஷா, பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் திரும்பி, “பேசாம உக்காந்துனு வா. வாயத் தொறந்தா மரியாதை போயிடும்” என்றான்.

பாஷா என் பள்ளிக்கூடத்துத் தோழன். டூவீலர் மெக்கானிக். வாட்டர் ஸ்கூட்டரைப் பற்றி அவனுக்கும் எனக்கும் தெரிந்தது ஒரே அளவுதான். ஆனால் தைரியம் அவனுக்கு ஜாஸ்தி. சக்கரம் இல்லாத பைக், அவ்வளவுதான் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டான்.

சீட்டைத் தூக்கிப் பார்த்தோம். காற்று வடிகட்டிக்குள் ஒரு எலி குடும்பம் நடத்திவிட்டுக் காலி செய்துகொண்டு போயிருந்தது. டேங்கில் இருந்த பெட்ரோல் கஷாய நிறத்துக்கு வந்திருந்தது. ஸ்பார்க் பிளக்குகள் கன்னங்கரேலென்று இருந்தன. பெட்ரோலை வடித்துக் கொட்டி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, புது பிளக் போட்டோம். புது பேட்டரியை நானே என் கையால் மாட்டிவிட்டுப் பெருமையோடு பட்டனை அமுக்கினேன். “டிக்” என்றது. மறுபடி அமுக்கினேன். மறுபடி “டிக்”. பேட்டரி ஒயரை நான் சரியாக முடுக்கவில்லை என்று பாஷா கண்டுபிடித்தான். (என் தொழிலே அதுதான் என்பதை அவன் இன்றுவரை நினைவுபடுத்துகிறான்.)

முடுக்கியதும் கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தில் எதிர் வீட்டு நாய் ஓடிப்போய் இரண்டு நாள் வரவில்லை. ஆனால் தண்ணீர் இல்லாமல் அதை ஓட்டினால் இன்ஜின் சூடேறிக் கெட்டுப்போகும். தரையில் வைத்து ஓட்டும்போது ஹோஸ் மாட்ட வேண்டும். செல்போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் இதைச் சொல்லிக்கொடுத்தார். முதலில் இன்ஜினைப் போடு, பிறகு குழாயைத் திற; நிறுத்தும்போது முதலில் குழாயை மூடு, பிறகு இன்ஜினை நிறுத்து. அந்த ஆளுக்கு விவரம் போதாது என்று எங்கள் இருவருக்கும் தோன்றியது. கிணற்று மோட்டாருக்கு முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தானே ஸ்விட்சைப் போடுகிறோம்? எங்கள் பக்கத்தில் பிறந்த எவனும் வெறும் மோட்டாரைப் போடமாட்டான். எனவே குழாயைத் திறந்துவிட்டு, நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு வந்து பட்டனை அமுக்கினோம்.

இன்ஜின் முழுக்கத் தண்ணீர். பிளக்குகளைக் கழற்றிவிட்டுப் பட்டனை அமுக்கினால் வெளியே வந்துவிடும் என்றான் பாஷா. வந்தது. எண்ணெயும் கரியும் கலந்த தண்ணீர் இரண்டு ஓட்டை வழியாகவும் பீய்ச்சியடித்து, சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டிகளின் மேல் போய் விழுந்தது. அந்த வீட்டு அக்கா தீபாவளி வரைக்கும் எங்கள் அம்மாவோடு பேசவில்லை.

இந்த லட்சணத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். வரன் கொண்டுவந்த சித்தப்பா, பையனுக்கு பேட்டரிக் கடையும் இருக்கிறது, போட்டும் இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தார். (வாட்டர் ஸ்கூட்டரைத்தான் படகாக்கிவிட்டார்.) கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். பெண்ணின் அப்பா தணிகாசலத்துக்கு நெல்லும் மல்லாட்டையும் (மற்ற ஊர்களில் வேர்க்கடலை என்பார்கள்) போடுகிற நிலம் இருந்தது. ஊரில் நல்ல செல்வாக்கும் இருந்தது. அதிகம் பேசமாட்டார். திருவண்ணாமலையில் போட்டை எங்கே ஓட்டுகிறாய் என்று மட்டும் கேட்டார். இனிமேல்தான் ஓட்டவேண்டும் என்றேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

பெண்ணோடு பேசிக்கொள்ளும்படி எங்களைத் தோட்டத்துப் பக்கம் அனுப்பினார்கள். கவிதா, தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதையும் அவள் கேட்கவில்லை.

“உங்களுக்கு நீச்சல் தெரியுமாங்க?” என்றாள்.

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியும் என்று சொல்லத் தைரியமும் வரவில்லை.

“போட்டே வச்சிருக்கேன்ங்க” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். என் பதிலில் மயங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்புதான். கட்டினால் இவளைத்தான் கட்டவேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன். அதற்கு முன்னால் எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை, வாட்டர் ஸ்கூட்டர் உட்பட.

ஆனால் அவள் அப்பா முடிவு சொல்லவில்லை. ஆவணி மழையில் எங்கள் ஏரி ரொம்பியிருக்கிறது, விஜயதசமி அன்றைக்கு அந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம் என்று சித்தப்பாவிடம் சொல்லியனுப்பினார்.

ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவினேன். வாட்டர் ஸ்கூட்டரின் பின்பக்கம், கீழே, இரண்டு ஓட்டைகள் இருக்கும். அவற்றுக்குத் திருகு மூடிகள் உண்டு. தரையில் இருக்கும்போது மூடிகளைக் கழற்றினால் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிந்துவிடும். தண்ணீரில் இறக்கும் முன் மறக்காமல் மாட்டவேண்டும் என்று வெள்ளைக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். கழற்றினேன். தண்ணீர் வடிந்தது. மூடிகளைப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் பூஜை போடக் கிளம்பிவிட்டேன்.

ஆயுத பூஜையன்று எங்கள் அம்மா கண்ணில் படும் எந்த இரும்புச் சாமானும் தப்பாது. ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், அரிவாள்மனை, தேங்காய்த் துருவி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவார். மறுநாள் மறுபூஜை முடிகிறவரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

மறுநாள் காலை வண்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டினோம். லோடு வண்டிச் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வாட்டர் ஸ்கூட்டருக்கு எங்கே வைப்பது என்பதில் அம்மாவுக்கும் பாஷாவுக்கும் பெரிய வாக்குவாதம். கடைசியில் ஒரு பழத்தைக் கயிற்றில் கோத்து ஹேண்டில்பாரில் கட்டினார்கள். அந்தக் கவலையில் மற்ற கவலைகள் எல்லாருக்கும் மறந்துவிட்டன.

ஏரிக்கரையில் ஊரே நின்றது. எங்களோடு வந்த அம்மாவும் கூட்டத்தில் இருந்தார். கவிதா அவள் அம்மாவோடு குடை பிடித்துக்கொண்டு நின்றாள். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானும் ஏறுவதாகச் சொன்னார். வண்டியோடு வந்தது ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட். அதை அவருக்கே மாட்டிவிட்டேன்.

“ஒனக்கு, தம்பி?”

“எனக்குப் பழக்கம் இருக்குதுங்க” என்றேன். எதில் பழக்கம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பட்டனை அமுக்கியதும் கிளம்பியது. சீறிக்கொண்டு போனோம். தண்ணீர் இரண்டு பக்கமும் பிய்த்துக்கொண்டு போனது. கரையில் கைதட்டல் கேட்டது. வேகமாகப் போகிறவரை பின்னால் ஓட்டை இருந்தாலும் தண்ணீர் அவ்வளவாக உள்ளே வராதாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விவரம். என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த தணிகாசலம் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன். கல்யாணப் பத்திரிகையில் எந்தப் பிள்ளையார் படம் போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஏரியின் நடுவில் போகும்போது அவர் தோளைத் தட்டினார். கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லி, கையை நீட்டிக் காட்டினார்.

“அதோ, அந்தப் பனமரத்துக்கு அந்தாண்ட தெரியுது பாரு. அதான் நம்ம நெலம்.”

நம்ம நிலம். அந்த வார்த்தையில் உருகி, மரியாதைக்காக வண்டியைச் சுத்தமாகவே நிறுத்திவிட்டேன். நிலத்தை நன்றாகப் பார்த்தேன். மல்லாட்டை எப்போது பிடுங்குவீர்கள் என்று கேட்டேன். அவர் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, “தம்பி, நம்ம ரெண்டு பேரும் கீழ போறோமா?” என்றார்.

போய்க்கொண்டுதான் இருந்தோம். பட்டனை அமுக்கினேன். “டிக்” என்றுகூடச் சொல்லவில்லை. பின்பக்கம் இறங்கியது, முன்பக்கம் எழுந்தது, மாலையும் எலுமிச்சம்பழமும் வானத்தைப் பார்த்தன. நான் தண்ணீரில் விழுந்தேன். “போட்டே வச்சிருக்கேன்ங்க” என்று நான் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. பிறகு ஏரித் தண்ணீரின் ருசி மட்டும்தான் தெரிந்தது.

பின்கழுத்துச் சட்டையை ஒரு கை பிடித்தது. என்னை மல்லாக்கப் போட்டு இழுத்துக்கொண்டு தணிகாசலம் நீந்தினார். சின்ன வயதிலிருந்து அந்த ஏரியில் நீந்தியவர் அவர். மாப்பிள்ளை பார்க்க வந்த மனிதர், மாப்பிள்ளையைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். ஊரே இறங்கி வந்து வாங்கிக்கொண்டது. குடைக்குக் கீழே இருந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. குடித்த தண்ணீரோடு கொஞ்சம் அழுகையும் வந்தது.

பாஷாவும் நாலு பேரும் கயிறு கட்டி வண்டியைக் கரைக்கு இழுத்தார்கள். பின்னால் இரண்டு ஓட்டைகளிலிருந்தும் ஏரி திரும்ப ஏரிக்கே போய்க்கொண்டிருந்தது. பாஷா குனிந்து பார்த்துவிட்டு, மூடி எங்கே என்று என்னைக் கேட்டான்.

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. “அதுங்களா? சாமிகிட்ட பத்திரமா இருக்குது. இன்னும் மறுபூஜையே முடிக்கல, அதுக்குள்ள எப்படி எடுக்கறது?”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. தணிகாசலம் வேட்டியைப் பிழிந்துகொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீச்சல் தெரியாதா?”

“தெரியாதுங்க.”

“அப்ப எதுக்கு இத எனக்கு மாட்டிவுட்ட?” லைஃப் ஜாக்கெட்டைத் தட்டிக் காட்டினார்.

“ஒண்ணுதாங்க இருந்துச்சு. நீங்க பெரியவங்க.”

அவர் எழுந்து போய்விட்டார். ஜாக்கெட்டைக் கழற்றித் தரக்கூட மறந்து, அதைப் போட்டுக்கொண்டே ஊருக்குள் நடந்தார்.

அன்று சாயங்காலம் சித்தப்பாவுக்கு போன் வந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சித்தப்பா பேசி முடித்துவிட்டு வந்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னார்: “பையனுக்குப் புத்தி கம்மிதான். ஆனா இருந்த ஒண்ணையும் எனக்குக் குடுத்துட்டு அவன் சும்மா ஏறினான் பாரு. எம்பொண்ணையும் அப்படித்தான் பாத்துப்பான். தேதி பாருங்க.”

வாட்டர் ஸ்கூட்டர் அதற்குப் பிறகு தண்ணீரைப் பார்க்கவில்லை. பாஷாவின் ஷெட்டில் டயர் அடுக்கி வைக்க உதவுகிறது. மூடிகள் இரண்டும் வருஷா வருஷம் ஆயுத பூஜையில் சந்தனம், குங்குமத்தோடு முதல் வரிசையில் உட்காருகின்றன. மாமனார் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், “இவுருதான் ஏரியில கெடச்ச மாப்ள” என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார். அவர் கிணற்றில் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கவும் பார்த்தார். நான்தான் இன்னும் படிக்கட்டைத் தாண்டவில்லை.

கவிதா மட்டும் அந்த நாளைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். அவளுக்கு அவசியமில்லை. போன வாரம் மகள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அப்பா, உங்களுக்குப் பின்னக் கணக்குத் தெரியுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சமையல்கட்டிலிருந்து பதில் வந்துவிட்டது.

“கால்குலேட்டரே வச்சிருக்காருடி.”