அமிர்தநாதனின் நாலு வாய் எஞ்சின்

ஞாயிற்றுக்கிழமை வரக்காப்பொலைக்குப் போவதில்லை என்று அமிர்தநாதன் வீராவேசமாக முடிவெடுத்தது செவ்வாய்க்கிழமை காலையில், பல் விளக்கும்போது. வாய் நிறைய நுரை இருந்ததால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். உள்ளே செலினா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

நிவித்திகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர் பெக்டரி பிட்டர். எந்த மெஷின் இருமினாலும் அவரைத்தான் ஓடிவந்து கூப்பிடுவார்கள். பெரிய துரையே "மிஸ்டர் அமிர்தநாதன்" என்பார். வீட்டில் மிஸ்டரும் கிடையாது, அமிர்தநாதனும் கிடையாது. "இந்தாங்க" மட்டும்தான்.

அவருடைய உயிர் கொட்டகையில் நின்றது. சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார், அரதப் பழசு. ஆனால் எஞ்சினில் இப்போது நாலு த்ரொட்டில் பொடி! காற்றுப் போகிற வாய் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஊர்க் காருக்கெல்லாம் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே வாய். இவர் காருக்கு மட்டும் சிலிண்டருக்கு ஒன்று. இரத்தினபுரியில் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நிலாம் நானாதான் பழைய பந்தயக் கார் ஒன்றிலிருந்து கழற்றிக் கொடுத்தார். கலவானைப் பக்கம் நடக்கிற மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் இவர் பெயரைப் பதிந்ததும் அவரேதான். பந்தயம் வருகிற ஞாயிறு.

அதே ஞாயிறு, வரக்காப்பொலைக் கோயிலில் செலினாவின் தங்கை மகன் ஸ்டீபனுக்கு உறுதிபூசுதல். பிஷப் வருகிறார். ஞானத்தகப்பன் யார்? சாட்சாத் அமிர்தநாதன். பிஷப் நெற்றியில் தைலம் பூசும்போது பையனின் தோளில் கைவைத்து நிற்க வேண்டும்.

அதிலிருந்து தப்பிக்கத்தான் திட்டம். கார் சரியாகவில்லை என்று கடைசிவரை சாதிப்பது. செலினாவை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, "பின்னாலேயே வாறேன்" என்பது. திங்கட்கிழமை முகத்தைத் தொங்கப்போடுவது. ஒரு தோளில் கைவைக்க வரக்காப்பொலையில் வேறு கையா இல்லை?

அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"காரு எப்பங்க சரியாகும்?" என்றாள் செலினா.

"இந்த மாசம் பூரா ஓடாது."

"எல்லாம் பூட்டியாச்சுன்னீங்களே?"

"பூட்டுறது பெரிசில்ல புள்ள. ட்யூன் பண்ணணும். நாலு வாயும் ஒரே அளவு காத்து இழுக்கணும். ஒன்னு கூட இழுத்துச்சுன்னா எஞ்சின் தடுமாறிரும்."

"அனே, பாவம். நீங்களே பண்ண ஏலாதா?"

"கொழும்புல இருந்து மெஷின் வரணும்."

"நெசமாவா?"

"அந்தோனியார் சாட்சியா!"

சொன்னவர் சுவரிலிருந்த அந்தோனியாரைப் பார்க்காமல் சோற்றை மும்முரமாகப் பிசைந்தார்.

செலினா தோட்டத்து மிட்வைஃப். வியாழக்கிழமை அவள் தொழிலாளர் லயத்துக்குப் பிரசவம் பார்க்கப் போன சமயம், அமிர்தநாதன் கொட்டகைக்குள் புகுந்துகொண்டார். ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறு முனை த்ரொட்டில் பொடியின் வாயில். ஒவ்வொன்றாகக் கேட்டு, ஸ்க்ரூவைத் திருகி, மறுபடி கேட்டு, மறுபடி திருகி... கடைசியில் நாலும் ஒரே சுருதியில் "உஸ்" என்றன. எஞ்சின் என்னமாய் உறுமியது தெரியுமா! மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது வாயின் ஸ்க்ரூவைத் தாராளமாகத் தளர்த்திவிட்டார். உடனே எஞ்சினுக்கு விக்கல் எடுத்தது. ஞாயிறு விடிந்து, செலினா பஸ் ஏறியதும் பழையபடி முறுக்கினால் போதும். நம்ம மூளை நம்ம மூளைதான் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை பின்னேரம் வேலைப் பையோடு செலினா நேரே கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க, பாப்போம்."

"எதுக்கு? பொகை அடிக்கும். ஒனக்கு ஒத்துக்காது."

"பண்ணுங்கங்கிறேன்."

பண்ணினார். விக்கியது. அமிர்தநாதன் இழவு வீட்டு முகத்தோடு உதட்டைப் பிதுக்கினார். செலினா பையைத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். முனையிலிருந்த வட்டத்தைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயை முதல் வாயருகே பிடித்தாள்.

"ஏய்! அது புள்ளத்தாச்சிக்கு வைக்கிறது!"

"இதயும் மாசக்கணக்கா நீங்க சொமந்துகிட்டுத்தானே இருக்கீங்க? செத்த சும்மா நில்லுங்க."

முதல் வாய், இரண்டாவது வாய். தலையை ஆட்டிக்கொண்டாள். மூன்றாவதில் புருவம் ஏறியது. நாலாவதைக் கேட்டுவிட்டு மறுபடி மூன்றாவதற்கே வந்தாள்.

"இது மட்டும் பேயா இழுக்குது. இந்த ஸ்க்ரூதானே?"

"ஐயோ, அதத் தொடாத! கொழும்பு மெஷின்..."

"வயித்துக்குள்ள கெடக்குறதையே இந்தக் காதால கண்டுபுடிக்கிறேன். வெளிய வாயத் தொறந்துகிட்டு கத்துறதக் கண்டுபுடிக்க மாட்டேனா? ஸ்க்ரூ ட்ரைவரக் குடுங்க."

கொடுத்தார். கை தானாக நீண்டுவிட்டது; கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கைக்கு அதுதான் பழக்கம். செலினா கொஞ்சம் திருகினாள், கேட்டாள், இன்னும் கொஞ்சம் திருகினாள். விக்கல் நின்றது. வியாழக்கிழமை அவர் வைத்ததைவிட எஞ்சின் சுகமாக ஓடியது. பெண்டாட்டியை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

"அந்தோனியாரு புதுமை பண்ணிட்டாரு," என்றார் ஈனஸ்வரத்தில்.

"ஆமாங்க. விடியக்காலம் கெளம்புறோம். வெள்ளச் சட்டைய தேச்சு வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை வரக்காப்பொலைக் கோயிலில் அமிர்தநாதனின் கை ஸ்டீபனின் தோளில் இருந்தது. மனசு கலவானை மலையில் கொண்டைஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பிஷப் தைலம் பூசும்போது இவருடைய வலது கால் இல்லாத அக்சிலேட்டரை மிதிமிதியென்று மிதித்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும் வழியில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு காரை ஓட்டினார். விருந்துவீட்டில் கட்டிக்கொடுத்த பட்டீஸ் ஒன்றைப் பிட்டு செலினா ஊட்டிவிட்டாள்.

"என்னங்க உம்முன்னு வாறீங்க? பந்தயத்த நெனச்சா?"

"எ... எந்தப் பந்தயம்?"

"நிலாம் நானா புதங்கெழமையே வீட்டுக்குப் போன் பண்ணாரு. நீங்க பெக்டரியில. கலவான ரோட்டுல மண் சரிஞ்சு கெடக்காம். பந்தயம் இன்னிக்கு இல்லயாம், அடுத்த ஞாயித்துக்கெழமயாம்."

அமிர்தநாதன் காரை ஓரங்கட்டினார். நியாயமாகப் பார்த்தால் வெட்கம்தான் வரவேண்டும். சந்தோஷம் முந்திக்கொண்டது. நடுரோடு என்றும் பாராமல் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"செலினா! நீ தெய்வம்டி! நீ வச்ச ட்யூனுக்கு எவன் நம்மகிட்ட வருவான்? அடுத்த ஞாயிறு கப்போட வாறேன் பாரு!"

"எப்படிங்க போவீங்க?"

"ஏன், என்னா?"

"காரு ரெடியான்னு கேட்டாரு. நான் பொய் சொல்ல ஏலுமா? இந்த மாசம் பூரா ஓடாதுன்னு நீங்க அந்தோனியார் சாட்சியா சொன்னத அப்படியே சொன்னேன். அப்பயே ஒங்க பேர வெட்டிட்டாரு."