ஒன்றாம் கூண்டு எலி

கூண்டு திறந்து கிடந்தது. எலியைக் காணோம்.

கூண்டுக்காரர் உள்ளே கையை விட்டுத் துழாவினார். ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பவர் அவர். பதினெட்டு வருடத்தில் ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. தொலைந்ததும் சாதாரண எலியா? ஒரு மாதம் விண்வெளியில் மிதந்துவிட்டு நேற்றுத்தான் தரைக்கு வந்த எலி.

எடையே தெரியாத இடத்தில் கால்களுக்கு வேலையில்லை. வேலையில்லாத தசை கரைந்துபோகும். அது கரையாமலிருக்க டாக்டரம்மா ஒரு மருந்து கண்டுபிடித்து, அதை அந்த எலிக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார். எத்தனையோ சோதனைகள் முடிந்து, கடைசிச் சோதனை இன்று நான்கு மணிக்கு. இப்போது மணி இரண்டு.

அலமாரிக்கு அடியில் தேடினார். தீவன மூட்டைக்குப் பின்னால் தேடினார். தன் சட்டைப்பையைக்கூடத் தடவிப் பார்த்தார்.

இரண்டாம் கூண்டில் இன்னொரு வெள்ளை எலி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரையிலேயே விட்டுவைத்த எலி. அதை நேற்றே சோதித்தாகிவிட்டது; இனி யாரும் தேட மாட்டார்கள். இரண்டுக்கும் அச்சு அசலாக ஒரே முகம். கூண்டில் தொங்கும் அட்டையை வைத்துத்தான் எது எது என்று தெரியும்.

"கோவிச்சுக்காதடா ராஜா," என்று அதைத் தூக்கி ஒன்றாம் கூண்டில் விட்டார்.

விட்ட பிறகுதான் உறைத்தது. சோதனை என்பது கம்பியில் தொங்குவது. என்னதான் மருந்து கொடுத்தாலும் விண்வெளி எலி கொஞ்சமாவது தளர்ந்திருக்கும். இது தின்று கொழுத்த தரை எலி. லேசில் விழாது.

களைப்பாக்கிவிடலாம் என்று ஓடுசக்கரத்தில் ஏற்றினார். ஒரு மணி நேரம் ஓடியது. இறங்கியபோது முன்னைவிடத் துறுதுறுவென்று இருந்தது. வயிறு நிறைந்தால் தூங்கிவிடும் என்று தீவனத்தை அள்ளி வைத்தார். அத்தனையும் தின்றுவிட்டுத் தானாகவே மறுபடி சக்கரத்தில் ஏறிக்கொண்டது.

"உன் கால்ல விழுறேன், கொஞ்சம் சோர்வா இருடா!"

"யார்கிட்ட தம்பி பேசுறீங்க?" என்றார் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா.

"யார்கிட்டயும் இல்லக்கா. எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

நான்கு மணிக்கு டாக்டரம்மா வந்தார். கூடவே, அடுத்த மாதம் விண்வெளிக்குக் கிளம்பும் வீராங்கனையும் வந்தார். அரை வருடப் பயணம்.

எலி கம்பியைப் பிடித்தது. பத்து விநாடி. இருபது. 'விழு, விழு' என்று கூண்டுக்காரர் மனதுக்குள் கெஞ்சினார். நாற்பதாவது விநாடியில் அது ஒரே எக்காக எக்கிக் கம்பிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"தரை எலியே இருபத்தஞ்சுதான் தாங்குச்சு!" டாக்டரம்மா கைதட்டினார். "மருந்து ஜெயிச்சிருச்சு! நீங்க தைரியமா எடுத்துட்டுப் போகலாம்."

வீராங்கனை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பொண்ணுக்கு ரெண்டு வயசு, டாக்டர். திரும்பி வந்து இறங்கினதும் அவளை நான் இடுப்புல தூக்கணும். எனக்கு அது போதும்."

கூண்டுக்காரர் ஓரடி முன்னால் வந்தார். வேலை போனால் போகட்டும்.

"மேடம், இது அந்த எலி இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"அது ஓடிப்போச்சு. பயந்துபோய் நான்தான் தரை எலியைத் தூக்கி உள்ள விட்டேன்." வீராங்கனையின் பக்கம் திரும்பினார். "இந்த மருந்தை நம்பிப் போயிடாதீங்கம்மா. குழந்தைக்காரங்க நீங்க."

டாக்டரம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். வீராங்கனை கம்பிமேல் இருந்த எலியையே வெறித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்த துப்புரவு அக்கா தொண்டையைச் செருமினார்.

"ஓடினது தரை எலிதான் தம்பி. ஒன்னாம் கூண்டுக்குக் கொக்கி சரியில்லன்னு, காலையில கழுவுறப்பவே விண்வெளி எலியைப் பத்திரமா ரெண்டாம் கூண்டுக்கு மாத்திட்டு, தரை எலியை ஒன்னாம் கூண்டுல விட்டேன். அட்டையை மாத்தத்தான் மறந்துட்டேன்."