திரைக்கு முன்னால் ஒரு சீட்டு

இந்த முறை நியூசிலாந்துக்குப் போகும்போது என் முட்டி எதிலும் முட்டக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இது சாதாரண முடிவில்லை. என் உயரம் ஆறடி நான்கு அங்குலம். அதில் பெரும்பகுதி இடுப்புக்குக் கீழே. வாழ்க்கையோடு முட்டி மோதி முன்னுக்கு வந்தவர்கள் உண்டு. நான் முன்சீட்டோடு முட்டி மோதியே ஓய்வு பெற்றவன். என் மனைவி ஆர்லீன் ஐந்தடி. பஸ்ஸில் உட்கார்ந்தால் அவள் கால் தரைக்கு வராது. கடவுள் எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சரியாகத்தான் அளந்திருக்கிறார். பங்கு பிரிக்கும்போதுதான் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், திரும்பிப் பார்த்துவிட்டார்.

கனடாவில் நனைமோ என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். ஆர்லீன் அதே ஊர்த் தபால் ஆபீசில் பார்சல் கவுண்டர். நான் உலகத்தைச் சுவரில் மாட்டிக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தேன். அவள் அதற்கு ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருந்தாள். பார்சலைக் கையில் வாங்கினாலே போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அந்தத் திறமை பார்சலோடு நின்றிருந்தால் எனக்கு நிம்மதி. அது என் வரைக்கும் வந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் நியூசிலாந்தின் நெல்சன் என்ற ஊரில் எனக்கு இரண்டு வருட வேலை கிடைத்தது. எலுமிச்சை மரம் உள்ள ஒரு சின்ன வாடகை வீடு. மழை பெய்தால் சமையலறையில் குடை பிடித்துக்கொண்டு முட்டை பொரிப்போம். எங்கள் வாழ்க்கையிலேயே அவ்வளவு மோசமான வீடு வேறு இல்லை. அவ்வளவு சந்தோஷமான வீடும் இல்லை. அதை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று ஆர்லீன் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு பேரும் ஓய்வு பெற்றதும் கிளம்பினோம். வான்கூவரில் ராத்திரி ஏறினால் ஆக்லாந்தில்தான் இறக்கிவிடுவார்கள். நடுவில் முழுக்கக் கடல்தான். காலை நீட்டக் கடலில்தான் இடம்.

விமான நிலையத்தில் ஆர்லீன் காப்பி வாங்கப் போனாள். நான் பூனை மாதிரி நழுவிக் கவுண்டருக்குப் போனேன். நல்ல சீட்டுக்கு மாற என் கார்டில் சேர்ந்திருந்த பாயிண்டைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அதாவது, தெரியாது என்று நான் நினைத்திருந்தேன்.

"பிரீமியம் எகானமில இடம் இருக்குமா?"

"ஒரே ஒரு சீட்டுதான் சார் இருக்கு," என்றாள் அந்தப் பெண்.

"நாங்க ரெண்டு பேராச்சே."

"யாராவது ஒருத்தர் போகலாம். சீட்டு நல்ல அகலம். நல்லா சாயும். காலைத் தாங்கிப் பிடிக்க ஒரு பலகைகூட இருக்கு."

காலைத் தாங்கிப் பிடிக்க ஒரு பலகை! என் காலை இதுவரை யாரும் தாங்கியதில்லை. வாரிவிட்டதுதான் உண்டு.

பிரீமியம் எகானமி என்றால் ஆடம்பரச் சிக்கனம். பட்டில் தைத்த கோவணம் மாதிரி. பெரிய பணக்காரர்களோடு உட்கார முடியாது. ஆனால் நமக்கும் பின்னால் ஒரு கூட்டம் மடங்கிக் கிடக்கிறது என்ற ஆறுதல் உண்டு. நடுவில் ஒரு திரை. அந்தத் திரைக்கு முன்னால் போய்விட வேண்டும். ஆனால் மனைவியை விட்டுவிட்டுத் தனியாகப் போகிறவன் என்ற பெயர் வரக் கூடாது.

யோசித்தேன். திட்டம் பிறந்தது. பாயிண்டைக் கொடுத்து அந்தச் சீட்டுக்குப் போர்டிங் பாஸ் வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் நல்லதை ஆர்லீன் முதலில் எடுத்ததே கிடையாது. ஆப்பிள் பை என்ற பலகாரத்தில் கடைசித் துண்டை நீட்டினால், "நீயே சாப்பிடு" என்பாள். சீட்டையும் அப்படியே நீட்டினால் போதும். அவள் வேண்டாம் என்பாள். நான் வற்புறுத்துவேன். அவள் மறுப்பாள். நான் கனத்த இதயத்தோடு, நீண்ட காலோடு, முன்னால் போவேன்.

அவள் காப்பியோடு வந்தாள்.

"ஆர்லீன், முன்னாடி ஒரே ஒரு நல்ல சீட்டு கிடைச்சிருக்கு. நீதான் அங்க போகணும்."

"நீ?"

"நான் எப்படியோ மடிஞ்சு உக்காந்துக்கிறேன்."

"உன் முட்டி?"

"முட்டி கெடக்குது. நீ நிம்மதியாத் தூங்கணும். எனக்கு அது போதும்."

குரலில் ஒரு நடுக்கம்கூடச் சேர்த்தேன். ஆர்லீன் என்னைப் பார்த்தாள். தராசில் வைத்த பார்சலைப் பார்க்கிற பார்வை. பிறகு என் கையிலிருந்த போர்டிங் பாஸைப் பட்டென்று உருவிக்கொண்டாள்.

"தேங்க்ஸ், வெர்னன்."

"இல்ல… நீ வேண்டாம்னு சொல்லுவியோன்னு…"

"நீ இவ்வளவு ஆசையாச் சொல்றே. வேண்டாம்னு சொன்னா உன் மனசு நோகாதா?"

நோகாது என்று எப்படிச் சொல்வது?

விமானத்தில் அவள் திரைக்கு அந்தப் பக்கம் போனாள். நான் இந்தப் பக்கம். மூன்று சீட்டு வரிசையில் நடைபாதை ஓரம் நான். நடுவில் ஆர்லீன் உட்கார வேண்டிய சீட்டு காலி. அதில் என் தொப்பியை உட்கார வைத்தேன். ஜன்னலோரம் மரம் வெட்டும் வேலைக்காரர் ஒருவர். மரத்தை வெட்டுகிறாரா, முறிக்கிறாரா தெரியாது. தோள் அப்படி. என் முட்டி முன்சீட்டு முதுகில் பதிந்தது. முன்னால் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, "சீட்டுல மசாஜ் வசதியெல்லாம் வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் பணிப்பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன். "முன்னாடி இருக்கிற என் மனைவிகிட்ட, எனக்கு முதுகு வலிக்குதுன்னு சொல்லுங்க."

பணிப்பெண் திரும்பி வந்தாள். கையில் ஒரு தலையணை. "முதுகுக்கு வச்சுக்கச் சொன்னாங்க. அங்க சாப்பாட்டைப் பீங்கான் தட்டுல குடுத்தாங்களாம், அதையும் சொல்லச் சொன்னாங்க."

விளக்கை அணைத்தார்கள். எல்லாரும் தூங்கினார்கள். நான் தொப்பியைப் பார்த்தேன். தொப்பி என்னைப் பார்த்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய பயணம் ஞாபகம் வந்தது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. கடைசி வரிசையில் எல்லாரும் சிகரெட் பிடித்தார்கள், புகை மட்டும் எங்களுக்கு. இரண்டு பேருக்கும் ஒரே போர்வை. ஹொனலூலூவில் எண்ணெய் போட நிறுத்தியபோது கதவு வழியாகப் பூ வாசம் வந்தது. ஆர்லீன் கண்ணை மூடி அதை இழுத்து இழுத்து மூச்சில் நிரப்பினாள். அப்புறம் என் தொடையில் தலை வைத்துத் தூங்கினாள். என் கால் மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை. ஆக்லாந்தில் இறங்கியபோது நொண்டினேன். கவுண்டரில் இருந்த அதிகாரி, "காலில் என்ன அடி?" என்றார். "கல்யாணம்," என்றாள் ஆர்லீன்.

தொடையில் ஒரு கனம் குறைந்த மாதிரி இருந்தது. இதைச் சொன்னால் அவள் உருகிவிடுவாள் என்று ஒரு பக்கம் மூளை கணக்குப் போட்டது. இன்னொரு பக்கம், கணக்கெல்லாம் இல்லை, அவள் பக்கத்தில் போக வேண்டும் போல் இருந்தது. எழுந்தேன்.

திரையருகே பணிப்பெண் மறித்தாள். "சார், பாத்ரூம் பின்னாடி."

"பொண்டாட்டி முன்னாடி."

விட்டுவிட்டாள்.

ஆர்லீன் ராணி மாதிரி சாய்ந்திருந்தாள். காலைத் தாங்கும் பலகை அவள் காலுக்கு எட்டவில்லை. அதில் அவள் கைப்பை காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் நெஞ்சு வலித்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரர் என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"இவர்தானா?" என்றார் ஆர்லீனிடம்.

"இவரேதான்."

என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறாள்! எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஆர்லீன் எழுந்து என்னைக் கதவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு சின்ன ஜன்னல். வெளியே இறக்கையின் நுனியில் ஒரு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

"நாம மொத மொத வந்தது ஞாபகம் இருக்கா, ஆர்லீன்?"

"ஹொனலூலூ," என்றாள் உடனே. "பூ வாசம்."

"அந்த வெக்கையில நீ குளிர்கோட்டைக் கழட்டவே இல்ல."

"எப்படிக் கழட்டுறது? வசதியா இருக்கட்டும்னு உள்ள நைட் டிரஸ் போட்டிருந்தேன்."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லியே!"

"நீ கேக்கலியே."

"ராத்திரி பூரா என் தொடையில தலை வச்சுத் தூங்கினே. கால் மரத்தே போச்சு. நான் அசையவே இல்ல தெரியுமா?"

"தெரியுமே."

"எப்படித் தெரியும்? நீதான் தூங்கிட்டியே."

"யாரு தூங்கினா? உன் பெல்ட் கொக்கி காதுல குத்திக்கிட்டே இருந்துச்சு."

"அப்ப ஏன் எந்திரிக்கல?"

"நீ எவ்வளவு பெருமையா அசையாம உக்காந்திருந்தே! எந்திரிச்சா உன் முகம் வாடிடும். அதான் படுத்தே கெடந்தேன்."

அந்த ராத்திரியில் நான்தான் தியாகி என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் காதைத் தொட்டுப் பார்த்தேன். சிரித்தாள். அதே சிரிப்பு.

"முட்டி ரொம்ப வலிக்குதா?"

"கொஞ்சம்."

"போய் என் சீட்டுல உக்காரு. நான் பின்னாடி போறேன்."

"வேண்டாம், ஆர்லீன். நீயே இரு."

இந்தத் தடவை நிஜமாகவே சொன்னேன். அவள் என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "போ, வெர்னன். இவ்வளவு காலமா மடிஞ்சது போதும். அந்தக் காலை நீட்டு."

கைப்பையை எடுத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். என் கண் கலங்கியது. இப்படி ஒருத்தியையா ஏமாற்றப் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். சாய்ந்தேன். பலகை என் காலைத் தாங்கியது. சொர்க்கம்.

"உங்க வீட்டுப் பின்னாடி எவ்வளவு இடம் இருக்கும்?" என்றது சொர்க்கம்.

திரும்பினேன். வழுக்கைத் தலைக்காரர்.

"நான் டெல்மர். கெலோனாவுல வெந்நீர்த் தொட்டி விக்கிறேன். தோட்டத்துல வச்சு ஆறு பேர் உள்ள உக்காரலாம். உங்க மனைவி சாப்பிடுறப்பவே எல்லாம் சொன்னாங்க. பத்து வருஷமா உங்களுக்கு ஆசையாமே!"

"எனக்கா?"

"கேக்கக் கூச்சப்படுவீங்களாம். பாருங்க, இப்பவும் கூச்சம்."

"இல்லீங்க, எனக்குத் தூக்கம்…"

"'தூக்கம் வருதும்பாரு, நம்பாதீங்க, கேக்கணும்னு துடிச்சிக்கிட்டு இருப்பாரு'ன்னாங்க."

தொட்டியின் மூடியைப் பற்றிச் சொன்னார். குழாயைப் பற்றிச் சொன்னார். குமிழி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று சொன்னார். நான் கண்ணை மூடினேன்.

"கண்ண மூடிக் கற்பனை பண்றீங்க பாருங்க, அதான் சரியான முறை," என்று தோளில் தட்டினார்.

பசிபிக் கடல் முழுக்கத் தண்ணீர். அத்தனையையும் டெல்மர் சூடாக்கிவிட்டார்.

ஜன்னல் மூடிகளைத் திறந்து வெளிச்சம் விட்டபோது நான் தள்ளாடிக்கொண்டு பின்னால் போனேன். என் வரிசையில் ஆர்லீன் மூன்று சீட்டின் கைப்பிடிகளையும் தூக்கிவிட்டு, நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தாள். தலைக்கு இரண்டு தலையணை. ஐந்தடி உடம்புக்கு அளவெடுத்துச் செய்த கட்டில் மாதிரி இருந்தது. மரம் வெட்டுகிறவரைக் காணவில்லை. கண் விழித்துச் சோம்பல் முறித்தாள். தலைமுடி ஒரு பக்கம் நட்டுக்கொண்டு நின்றது. அந்தக் காலத்திலும் இப்படித்தான் நிற்கும். கோபத்தோடு வந்தவனுக்கு அதைப் பார்த்ததும் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"அவரு எங்க?"

"அவர் சிநேகிதர் பக்கத்துல ஒரு சீட்டு காலியா இருந்துச்சு. சொன்னேன், சந்தோஷமாப் போயிட்டாரு. நடு சீட்டு காலின்னு ஏறினப்பவே எனக்குத் தெரியுமே. நீ எந்திரிச்சு வரத்தான் இவ்வளவு நேரமாச்சு." எழுந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். "இந்த மாதிரி தூங்கி எத்தனை வருஷம் ஆச்சு! நீ தூங்கினியா?"

கீழே மேகத்துக்கு நடுவில் பச்சையாகக் கரை தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தோம். எனக்கு எலுமிச்சை வாசம் அடித்தது போல் இருந்தது.

"திரும்பிப் போறப்ப ரெண்டு பேரும் இப்படியே சேர்ந்து உக்காந்துக்கலாம், ஆர்லீன்," என்றேன். "முட்டி என்ன வேணா ஆகட்டும்."

"அடடா, டெல்மரும் நம்ம விமானத்துலதான் திரும்புறாராம், அவர் பக்கத்து சீட்டை உனக்குன்னு ராத்திரியே வைஃபைல புக் பண்ணிட்டேனே!"