நேர்த்தி ஓட்டம்

"ஏலே தவசி, யாருலே செத்தது?" என்று ரோட்டோரத்தில் வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருந்த குருசாமி கேட்டார்.

தவசிமுத்து ஓட்டத்தை நிறுத்தவில்லை. நின்றால் பேச வேண்டியிருக்கும்.

"யாரும் சாகல மாமா!"

"பொறவு ஏன் ஓடுதே?"

கேள்வியில் நியாயம் இருந்தது. தேவதானத்தில், அதுவும் 1988ஆம் ஆண்டில், நாற்பத்தெட்டு வயது மனிதர் விடியற்காலையில் தோளில் துண்டோடு ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்து ஊருக்குத் துட்டி சொல்லப் போகிறார்.

"பஸ்ஸப் பிடிக்கணும்!" என்று சொல்லிவிட்டு ஓடினார். மில் வேலைக்கு அவர் போகிற ராஜபாளையம் பஸ் ஏழு மணிக்கு. அப்போது மணி ஐந்தேகால்.

அவர் திரும்பி வருவதற்குள் வீட்டு வாசலில் பதினைந்து பேர் துக்கம் விசாரிக்கக் கூடிவிட்டார்கள். செத்தது யார் என்று தெரியாமலே இரண்டு பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கியிருந்தார்கள். கணவர் ஓடிய காரணத்தை வெளியே சொல்ல வழியில்லாததால், மனைவி வேலுத்தாயும் அவர்களோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

காரணம் இதுதான். முந்தின வாரம் ராஜபாளையத்துச் சந்து ஒன்றில் இருந்த டாக்டரிடம் தவசிமுத்து போயிருந்தார். கம்பவுண்டர் பால்பாண்டி அவருடைய சிறுநீரை நீல மருந்தில் விட்டு விளக்கில் காய்ச்சினான். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"முத்துன சக்கரை," என்றார் டாக்டர். "இனிப்பைக் கண்ணால பார்க்கக்கூடாது. மாத்திரை சாப்பிடணும். தினமும் நாலு மைல் ஓடணும். இல்லாட்டி கால் போயிரும்."

கால் போவது தவசிமுத்துவுக்குப் புதிதல்ல. அவருடைய அப்பாவுக்கும் இதே நோயில்தான் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டுத்தான் மகள் பரிபூரணத்தைப் பார்க்க வந்த இரண்டு வரன்களும் திரும்பிப் போயின. அவளுக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. மூன்றாவதாகத் தகைந்து வந்திருந்தவன் ஸ்ரீவில்லிபுத்தூர் சௌந்தரபாண்டியன். தறி வைத்திருந்த குடும்பம். மழையானாலும் வெயிலானாலும் தினமும் விடியுமுன்னே மடவார் வளாகம் கோயிலுக்கு நடந்தே போய்க் கும்பிட்டு வருகிற பையன். கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது.

"அப்பனுக்குச் சக்கரைன்னா மகளுக்கும் வரும்னு சொல்லுவாக. இந்த இடமும் போச்சுன்னா அவ கிணத்துலதான் விழணும்," என்றாள் வேலுத்தாய். மாத்திரையைப் பெருங்காய டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள்.

ஒப்பாரி நடந்த மறுநாள் தவசிமுத்து ரோட்டை விட்டுவிட்டு ஆற்றங்கரை வழியாக ஓடினார். மருதமரங்கள் நிழல் தரும் நல்ல பாதைதான். ஆனால் அந்த நேரத்தில் அது ஊர் ஆண்களுக்கான கக்கூஸ். ஆள் ஓடிவரும் சத்தம் கேட்டு, வரிசையாகக் குத்தவைத்திருந்தவர்கள் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். அவர் போனதும் உட்கார்ந்தார்கள். அவர் திரும்பி வந்ததும் மறுபடி எழுந்தார்கள்.

"யோவ், போனது போனீரு, அப்படியே போய்த் தொலைய வேண்டியதுதானே! திரும்பி வேற வாரீரு!" என்று ஒருவர் கத்தினார்.

மூன்றாம் நாள் மனித வாடையே வேண்டாம் என்று மலையடிவாரத்து மாந்தோப்புக்குள் புகுந்தார். அங்கே காவல் இருந்த சங்கையா பரணில் இருந்து பார்த்தான். காட்டுப் பக்கமிருந்து ஒருவர் நாக்கு வெளியே தள்ள ஓடிவருகிறார். அந்தப் பக்கமிருந்து யாராவது ஓடிவந்தால் பின்னால் வருவது யானை. சங்கையா பரணில் இருந்து குதித்து அவருக்கு முன்னால் ஓடினான்.

"யானே! யானே!"

"ஏலே சங்கையா, யானையெல்லாம் இல்லடா!"

"பேசாதேயும் அண்ணாச்சி, ஓடும்!"

இருவரும் ஊருக்குள் வந்து சேர்ந்தபோது வேட்டும் தகரமுமாக நூறு பேர் நின்றார்கள். யானை வரவில்லை. எல்லோரும் தவசிமுத்துவைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள்.

"துட்டியும் இல்ல, யானையும் இல்ல. பொறவு எதுக்குலே மூணு நாளா ஓடுதே?" என்றார் குருசாமி. "உடம்புக்கு ஏதும் சொகமில்லையோ?"

கடைசிக் கேள்வியைத் தவசிமுத்து எப்படியாவது திசை திருப்ப வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு வருங்கால மருமகன் நினைவு வந்தது. சாமிக்காக நடக்கிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லையே.

"நேர்த்திக்கடன் மாமா. மக கல்யாணம் முடியுற மட்டும் தினமும் சாஸ்தா கோயிலுக்கு ஓடியே வாரேன்னு வேண்டியிருக்கேன்."

குருசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

அன்றோடு தொல்லை தீர்ந்தது என்றுதான் தவசிமுத்து நினைத்தார், பாவம்.

மறுநாள் காலை தெருமுனையில் ஒரு பெண் குடத்தோடு நின்று அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். "நேர்த்திக்குப் போறவரு செருப்புப் போடலாமா?" என்று சொல்லி, மில்லில் கொடுத்த கேன்வாஸ் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டாள். அடுத்த வீட்டில் ஆவுடையம்மாள் ஒரு செம்பு பானகத்தை நீட்டினாள். கெட்டி வெல்லம் போட்டுக் கரைத்த பானகம்.

"வேண்டாம் மதினி."

"நேர்த்திக்காரரு வேண்டாம்னு சொன்னா, சாமியே வேண்டாம்னு சொன்ன மாதிரில்லா! எங்க குடும்பம் வெளங்க வேண்டாமா?"

குடித்தார். ஆவுடையம்மாள் கொடுத்ததைப் பார்த்து எதிர்வீட்டிலும் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் வீட்டிலிருந்து ஆற்றைக் கடந்து, தோப்பைத் தாண்டி, சாஸ்தா கோயில் சேர்வதற்குள் பதினோரு செம்பு பானகம் என்று கணக்கானது. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் தனி.

ராஜபாளையத்தில் பால்பாண்டி காய்ச்சினான். செங்கல் இன்னும் நன்றாகச் சுட்டிருந்தது.

"ஓடுறீரா இல்லையா?" என்று டாக்டர் எரிந்து விழுந்தார்.

"ஓடுதேன் டாக்டர்."

"பத்தாது. ரெண்டு மடங்கு ஓடும்!"

தவசிமுத்து சாயங்காலமும் ஓடினார். இருபத்திரண்டு செம்பு.

ஒருநாள் தோப்புப் பாதையில் உடைமுள் வலது குதிகாலில் ஏறியது. வேலுத்தாய் ஊசியால் முள்ளை எடுத்துவிட்டாள். புண் மட்டும் ஆறவில்லை. மூன்றாவது வாரம் அதிலிருந்து வாடை வந்தது. தன் அப்பாவின் அறையில் சின்ன வயதில் வீசிய அதே வாடை. தவசிமுத்து கட்டிலில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதார்.

"போதும், நாளையிலேருந்து ஓட வேண்டாம்," என்றாள் வேலுத்தாய்.

"பாதியில நிப்பாட்டுனா ஏன்னு கேப்பாக. கல்யாணத்துக்கு இன்னும் பதினாலு நாள்தான். காலு தாங்கும்."

நேர்த்தியின் புகழ் ஸ்ரீவில்லிபுத்தூர்வரை போய், மாப்பிள்ளையே ஒருநாள் பார்க்க வந்துவிட்டார். நொண்டிக்கொண்டு ஓடிவந்த மாமனாரைப் பார்த்ததும் கண் கலங்கினார். ஆவுடையம்மாள் இருவருக்கும் பானகம் கொடுத்தாள். சௌந்தரபாண்டியன் தன் செம்பைப் பணிவோடு மாமனாரிடம் நீட்டினார்.

"கும்பிட வேண்டியது எங்களுக்காக ஓடுத உங்களைத்தான். என் பங்கையும் நீங்களே குடிங்க மாமா."

இப்படி ஒரு தங்கமான பிள்ளையா என்று தவசிமுத்து அதையும் குடித்தார்.

கல்யாணத்தன்று காலையிலும் ஓடினார். காலில் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு மணவறைப் பக்கத்தில் நின்றார். கெட்டிமேளம் கொட்டியது. பரிபூரணத்தின் கழுத்தில் தாலி ஏறியதைக் கண் நிறையப் பார்த்தார். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் அவரும் விழுந்தார்.

மாப்பிள்ளை மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, மாமனாரைத் தூக்கி வாடகைக் காரில் போட்டார். வேலுத்தாய் டிரைவர் காதில் மட்டும் இடத்தைச் சொன்னாள்.

டாக்டர் துணியை அவிழ்த்துப் பார்த்தார். "மதுரைக்குக் கொண்டு போங்க. முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியிருக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டு எழுத உள்ளே போனார்.

வேலுத்தாய் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். பெஞ்சில் படுத்திருந்த தவசிமுத்துவுக்கு லேசாக நினைவு திரும்பியிருந்தது. அவர் அவள் கையைப் பிடித்துச் சிரிக்கப் பார்த்தார்.

"அழாதட்டி. தாலி ஏறிருச்சு. இனி காலு போனாலும் போகுது. நம்ம பிள்ள சீக்கு இல்லாத வீட்டுல போய்ப் பொழைச்சிக்கிடுவா."

சௌந்தரபாண்டியன் மட்டும் ஏனோ முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி நின்றுகொண்டிருந்தார். காலிப் பாட்டிலோடு உள்ளிருந்து வந்த கம்பவுண்டர் பால்பாண்டி, கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு மலர்ந்த முகத்தோடு சொன்னான்:

"அடடே, நீங்களும் வந்துட்டீகளா தம்பி? நல்லதாப் போச்சு, இந்த மாசத்துக்கு உங்க பாட்டிலையும் நெறைச்சுக் குடுத்துருங்க. டாக்டர் சொன்னாருன்னு மூணு வருசமா மடவார் வளாகத்துக்கு நடக்கீக, உங்களுக்கும் அந்தச் செங்கல் நெறம் மாறவே மாட்டேங்குதே!"